பேராலயத்து நடுக்கோடு

மார்ச் 4, திங்கள்

இன்று புது வேலையில் சேர்ந்தேன். புது வேலை என்றால் இரண்டு மாதத்துக்கு. மணல்துறை வியாகுல மாதா பேராலயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். கட்டி இருநூறு வருடம் ஆகிறது, ஜூபிலி கொண்டாடுகிறார்கள், வெளியூர்க் கூட்டம் வரும். கைடு லைசென்ஸ் வைத்திருக்கும் கிறிஸ்தவர் யாரும் இந்த ஊரில் அகப்படவில்லை. அதனால்தான் தமயந்தியான எனக்கு அழைப்பு.

இதுவரை என் பிழைப்பு சிவன் கோயிலில்தான். கோபுரம், மண்டபம், கல்வெட்டு எல்லாம் சொல்லிக் கொடிமரத்தடியில் முடித்துக்கொள்வேன். "உள்ள நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்பேன். உள்ளே கூட்டம், புழுக்கம், எனக்கு மூச்சு முட்டும். அர்ச்சனை செய்ய வேண்டுமென்றால் பூக்கட்டும் தங்கராசுவிடம் தட்டைக் கொடுத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லி அனுப்பிவிடுவேன். அம்மாவும் இப்படித்தான் செய்வாள்.

பேராலயத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். கூரை எங்கேயோ இருக்கிறது. தூண்கள் மேலே போய் விரிந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு உத்தரம்கூடக் கிடையாது. இது எப்படி விழாமல் நிற்கிறது என்று பங்குத்தந்தை இன்னாசியைக் கேட்டேன். "நானும் சின்ன வயசுல இருந்து அதைத்தாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். நல்ல மனிதர்.

பீடத்தின் படி வரைக்கும் போனேன். இங்கே மூச்சு முட்டவில்லை. உயரம் அதிகம் என்பதால் இருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

ஒத்திகையில் மாதாவை "மூலவர்" என்று சொல்லிவிட்டேன். ஃபாதர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மார்ச் 9, சனி

மூன்று குழுக்கள் வந்தன. தொண்டை கட்டிவிட்டது. மிளகு ரசம் வைத்துக் குடித்தேன்.

காலை எட்டரைக்குக் கிழக்கு ஜன்னல்களில் வெயில் ஏறுகிறது. அந்தக் கண்ணாடிகளில் ஏசுவின் கதை முழுவதும் வண்ணத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தார்களாம். வெயில் ஏற ஏற, சிவப்பும் நீலமும் தரையில் இறங்கி, பெஞ்சுகளின் மேல் ஊர்ந்து, வந்தவர்களின் சட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த ஓர் ஆள் தன் கையில் விழுந்த நீலத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். யாரும் அவரை அதட்டவில்லை. இந்தக் கட்டடத்துக்கு ஆட்களை அடக்கத் தெரிகிறது.

பீடத்தில் நற்கருணை அப்பம் வைக்கிற பேழை, அதனருகே ஒரு சிவப்பு விளக்கு. அது அணையவே கூடாதாம். உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்றார் ஃபாதர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருநூறு வருடமாக ஒருவர் வீட்டில் இருக்கிறார், விளக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நீள அகலமெல்லாம் அப்புறம்.

தரையில் ஒரு கோடு இருக்கிறது. வாசலிலிருந்து பீடத்துக் கிராதி வரை, நட்டநடுவில், ஒரு முழ அகலத்துக்குக் கல் நிறம் மாறியிருக்கிறது. பழைய காரை பூசி அடைத்த மாதிரி. எல்லோரும் என்னவென்று கேட்கிறார்கள். ஜூபிலிக் கமிட்டிச் செயலாளர் தனிஸ்லாஸ் சாரிடம் கேட்டேன். ரிடையரான பேங்க் மேனேஜர், மடிப்புக் கலையாத சட்டை.

"அந்தக் காலத்துல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். அதுக்குப் போட்ட கோடு. அப்படியே சொல்லிடுங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் மொத்தமா கிரானைட் போடுறோம், அப்புறம் யாரும் கேக்கப் போறதில்ல."

அப்படியே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டி, குழந்தைகளுக்கு இங்கேதான் பெயரிட்டு நீர் ஊற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்களே? எதுக்குங்க ரெண்டு?"

"ஆண்கள் பக்கம் ஒண்ணு, பெண்கள் பக்கம் ஒண்ணு" என்றேன் சட்டென்று.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப அம்மாவும் அப்பாவும் சேந்து நின்னு பேரு வைக்க மாட்டாங்களாங்க?"

மணிக்கூண்டைக் காட்டப் போய்விட்டேன்.

எல்லோரும் போனபின் தனியாகச் சுற்றினேன். தொட்டி இரண்டு. தீர்த்தக் கிண்ணம் இரண்டு. பாவசங்கீர்த்தனக் கூண்டு இரண்டு. வலது வாசல் பெரியது, வளைவில் பூவேலை. இடது வாசல் குனிந்து நுழைகிற அளவு. மாதாவின் பீடம் வலது பக்கக் கோடியில் இருக்கிறது. சொரூபம் அழகோ அழகு, நெஞ்சில் வாள் பாய்ந்த தாய். இடது பக்கத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு எதையாவது வைத்தால் அவள் தெரியவே மாட்டாள்.

மார்ச் 13, புதன்

ஃபாதரிடம் நேராகக் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சுவரும்மா. ஆள் உசரம். கல் சுமந்து கட்டுனவங்க இடது பக்கம். காசு குடுத்தவங்க வலது பக்கம். ஒரே பூசை, ஒரே சாமி, நடுவுல சுவர். ஜாதிதான், வேற என்ன."

"எப்ப எடுத்தாங்க?"

"நூறு வருசம் இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் பேரு கடப்பாரையோட வந்து இடிச்சாங்களாம். யாருன்னு தெரியாது. அதுக்கு முன்னாடியே இடது பக்கத்துச் சனம் நெறையப் பேரு கப்பலேறிப் போயிட்டாங்க, மலேயா தோட்டங்களுக்கு."

"டூரிஸ்ட்டுங்ககிட்ட என்ன சொல்றது?"

"சொல்லாதேன்னு நான் சொல்லலம்மா. சொல்லுன்னும் சொல்லல."

இப்படிச் சொல்வதற்கு ஒரு பங்குத்தந்தை எதற்கு? எனக்கே இப்படிச் சொல்லத் தெரியும்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய கதை. எங்கேதான் இல்லை? வீட்டுக்கு வந்து மத்தி மீன் கழுவினேன். கத்தி விரலைக் கீறிவிட்டது. மீன் குழம்பில் புளி போட மறந்துவிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

சொரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். மாதா, சூசையப்பர், அந்தோணியார், பெரிய சிலுவைகூட. பயணிகள் பெயின்ட் அடிக்கிறார்களா என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"வயித்துக்கு உபவாசம் இருக்கோம்ல? இது கண்ணுக்கு உபவாசம்" என்றார் ஃபாதர். "ஈஸ்டர் வரைக்கும் பாக்கக் கூடாது. பாக்காம இருந்தாத்தான் எதைப் பாத்துக்கிட்டிருந்தோம்னு தெரியும்."

இவ்வளவு அழகைச் செய்து வைத்துவிட்டு, வருடத்தில் இரண்டு வாரம் அதைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்களே! இந்த மதத்தைப் பற்றி நூறு பக்கம் படித்திருந்தாலும் எனக்கு இப்படிப் புரிந்திருக்காது. துணி மூடிய மாதாவைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றேன்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இன்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது.

மார்ச் 22, வெள்ளி

பினாங்கிலிருந்து சவரியம்மா என்று ஒருவர் வந்திருக்கிறார். அறுபத்தைந்து வயதிருக்கும், ரிடையரான நர்ஸ். முட்டி வரை பேண்ட், வெள்ளை ஷூ, தலையில் தொப்பி. தனியாகவே வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார். பேச்சுக்கு நடுவே மலேசியாக்காரர்களின் 'லா'. வாசலில் ஷூவைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார், அழுதார், உடனே சிரித்தார்.

"எங்க பூட்டன் இங்கேருந்து கப்பல் ஏறுனவருலா. எங்க வீட்டுல இருந்து திரும்பி வந்த மொத ஆளு நாந்தான். எங்கம்மா போன வருசம் தவறிட்டாங்க. கடைசியா கேட்டது என்னா தெரியுமா? இந்த மாதா காலடியில ஒரு மெழுகுதிரி. அவ்ளோதான்."

மாதா மூடியிருப்பதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு விரலை மடக்கிப் பார்த்து, "ஈஸ்டருக்கு மறுநாள் ராத்திரிதான் எனக்கு பிளைட்டு. இருந்து பாத்துட்டே போறேன்" என்றார்.

ஒன்று கவனித்தேன். பெரிய வாசல் திறந்திருக்க, அவர் சுற்றிக்கொண்டு போய்ச் சின்ன வாசல் வழியாகக் குனிந்து நுழைந்தார். நுழைந்து இடது பக்கக் கிண்ணத்தில் விரல் நனைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மார்ச் 28, பெரிய வியாழன்

ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

இன்று மாலைப் பூசையில் கால் கழுவும் சடங்கு. ஏசு சாவதற்கு முந்தின இரவு சீடர்களின் காலைக் கழுவினாராம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு நாற்காலி, அந்தப் பக்கம் ஆறு. ஃபாதர் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டார். மீன் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவரின் வெடித்த பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். பின்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் காமிராவைத் தூக்கி, பிறகு மெல்ல இறக்கிவிட்டார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் மறைக்க வேண்டும், வந்தது.

சுவர் இருந்த நூறு வருடமும் இந்தச் சடங்கு நடந்திருக்கும். அப்போது யார் காலை யார் கழுவினார்கள்?

பன்னிரண்டாவது ஆளாகச் சவரியம்மாவை அழைத்திருந்தார் ஃபாதர். வலது பக்கக் கடைசி நாற்காலி. அவர் எழுந்து வந்தார். கோட்டுக்கு அருகே வந்ததும் நின்றுவிட்டார். ஃபாதர் கையால் அழைத்தார். அவர் தலையை ஆட்டி, கும்பிட்டு, இடது பெஞ்சுக்கே திரும்பிவிட்டார். வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள்.

முடிந்ததும் கேட்டேன், "ஏம்மா போகல?"

"எங்க வீட்டு நேர்ச்சைலா அது, சாமிக்குக் குடுத்த வாக்கு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் இடது பக்கம் நுழையணும், இடது பக்கம் உக்காரணும், நடுவ தாண்டக் கூடாது. பூட்டன் சொல்லிட்டுப் போனது. கல்யாணத்துல பொண்ணுகூட அப்படித்தான் நிக்கும். பினாங்குல எங்க சாமியாரு கிண்டல் பண்ணுவாரு, இது என்னா புது பக்தின்னு. நாங்க விட்டதே இல்ல."

எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! நான் "நல்லதும்மா" என்றேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மணி அடிக்கவில்லை. மரக்கட்டையைத் தட்டுகிறார்கள். பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. இருநூறு வருடமாக எரிகிற விளக்கைக்கூட வருடாவருடம் இந்த நாளில் அணைத்துவிடுவார்களாம். பேழை திறந்து கிடக்கிறது, உள்ளே வெறும் பலகை. வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு கோயில் தானே சொல்லிக்கொள்வதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்குச் சிலுவையை முத்தமிட ஊரே வரிசையில் நின்றது. சவரியம்மா இடது ஓரமாகவே போய், இடது ஓரமாகவே திரும்பினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றி இருந்தது.

"ஞாயித்துக்கிழம துணியை எடுத்ததும் நீ கொண்டு போய் மாதா காலடியில வச்சிரும்மா. எங்கம்மா பேரு ஞானம்மா, அதை மட்டும் சொல்லிரு. நான் இந்தப் பக்கத்துல இருந்தே கும்பிட்டுக்கிறேன்."

வாங்கிக்கொண்டேன். என்னிடம் இப்படி யாரும் கொடுத்ததில்லை. எப்போதும் கொடுக்கிற ஆள் நான்தான்.

மார்ச் 30, சனி

சொன்னால் நான்கு தலைமுறைப் பக்தி போய்விடும். சொல்லாவிட்டால் இங்கேயே வந்தும் மாதாவின் காலைத் தொடாமல் போய்விடுவார். துணி துவைத்தேன். காயவில்லை.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

விடிந்ததும் போனேன். துணிகளை எடுத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் லில்லிப் பூ, சிவப்பு விளக்கு மறுபடி எரிகிறது, மணிக்கூண்டின் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்ததில் பெஞ்சு அதிர்ந்தது. இரண்டு வாரம் பார்க்காத மாதாவை இப்போதுதான் முதலில் பார்ப்பது போல் பார்த்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. சவரியம்மா இடது பக்க முதல் பெஞ்சில், எக்கி எக்கி மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகுதிரியை அவர் கையில் வைத்தேன். "நான் வைக்க மாட்டேம்மா. நீங்கதான் வைக்கணும்."

"ஏன்லா? நேர்ச்சைன்னு சொன்னேன்ல?"

"அது நேர்ச்சை இல்லம்மா."

சொன்னேன். சுவர், உயரம், இரண்டு வாசல், இரண்டு தொட்டி, யார் எந்தப் பக்கம், எல்லாம். அலங்காரம் இல்லாமல் சொன்னேன். உங்கள் பூட்டன் பக்தியால் ஒதுங்கி நிற்கவில்லை, அவரை நிறுத்தியிருந்தார்கள் என்று சொன்னேன்.

அவர் குனிந்து தரையிலிருந்த கோட்டைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சும்மா."

"வெள்ளிக்கிழம நான் திரியக் குடுத்தப்பவே தெரியும்."

"தெரியும்."

"எங்கம்மா சாகுற வரைக்கும் நடுவுல கால் வச்சதில்ல தெரியுமா? முட்டிவலியோட சுத்திச் சுத்திப் போவாங்க. சாமிக்குப் பிடிக்கும்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமிக்கு இதுல என்னா இருந்திச்சி?"

அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு எழுந்தார். கோட்டைத் தாண்டுவார் என்று நினைத்தேன். தாண்டவில்லை. வெளியே போய், சுற்றி, பெரிய வாசல் வழியாக உள்ளே வந்தார். வந்து அந்தக் கோட்டின் மேலேயே கால் வைத்தார். மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, சுவர் நின்ற தடத்தின் மேலேயே, ஒவ்வொரு அடியாக, வாசலிலிருந்து கிராதி வரை நடந்தார். ஜன்னல் சிவப்பும் நீலமும் அவர் வெறுங்காலில் மாறி மாறி விழுந்தன. இருநூறு வருடத்துக் கூரைக்கு அடியில் அந்தச் சின்ன உருவம் நடந்ததை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். தூணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை ஓய்ந்து நின்றார்கள். ஃபாதர் பீடத்தருகே நின்றவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

கிராதி வந்ததும் வலது பக்கம் திரும்பினார். மாதாவின் காலடியில் திரியை ஏற்றி வைத்து, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "ஞானம்மா வந்திருக்கா" என்றார். அவ்வளவுதான் காதில் விழுந்தது.

திரும்பி வந்து பெஞ்சுகளுக்கு நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

"இப்ப எந்தப் பக்கம் உக்காரணும்னே தெரியலியேலா."

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் இருபது பேர், பெங்களூரிலிருந்து. கோட்டின் பக்கத்தில் நிறுத்தி உள்ளதைச் சொன்னேன். தனிஸ்லாஸ் சார் ஓடி வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஜூபிலி வருசத்துல இதைப் போய்ச் சொல்லணுமாம்மா? நம்ம மதத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க? அதுவும் நீங்க யாரு சொல்றதுக்கு? இது உங்க கோயிலா?"

வலது பக்க முதல் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "எங்க கோயிலுதான்லா. நான் சொல்றேன், அவ சொல்லட்டும்."

தனிஸ்லாஸ் சார் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் இந்தமுறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "கிரானைட் போடலாம் சார். அந்தக் கோட்டை மட்டும் விட்டுட்டு" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "இங்க பிஷப்புகளுக்கெல்லாம் கல்லறை இருக்கே, சுவரை இடிச்சவங்களுக்கு எதுவும் இல்லையா?" பேர்கூடத் தெரியாது என்றேன். அவர் செல்போனை எடுத்து, கூரையை விட்டுவிட்டு, அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சவரியம்மாவை வேன் ஏற்றிவிட்டேன். "நீ எந்தக் கோயிலுக்குலா போவ?" என்று கேட்டார். சிவன் கோயில் என்றேன். "எனக்காகவும் ஒரு கும்பிடு போடு" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

விடுமுறை. தலைக்குக் குளித்துச் சிவன் கோயிலுக்குப் போனேன். தேங்காய், பழம், வெற்றிலை, பூ. சவரியம்மா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன்.

கொடிமரத்தடியில் தங்கராசு வழக்கம்போல் கையை நீட்டினார். "குடுங்கக்கா, நான் கொண்டு போறேன்."

அம்மா இதே இடத்தில்தான் நிற்பாள். அம்மாவின் அம்மாவும். அவளை இங்கே நிறுத்தியிருந்தார்கள். எனக்கு உள்ளே புழுக்கம் என்று யார் சொன்னார்கள்? நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லையே.

"வேணாம் தம்பி. நானே போறேன்."

உள்ளே கல் குளிர்ந்திருந்தது. எண்ணெய் வாசம், வில்வ வாசம். இத்தனை வருடம் வெளியே நின்று ஊராருக்குச் சொன்னதைவிட அது சின்னதாக, இருட்டாக, ரொம்பப் பக்கத்தில் இருந்தது. ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டவே இல்லை.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு என்று கேட்டார். ஞானம்மா, சவரியம்மா, எங்கள் அம்மா அஞ்சலை, கடைசியில் தமயந்தி. நானே சொன்னேன்.